அம்மா சாகாத படம்

என் அத்தான் எடுத்த படங்களில் என் அக்கா எத்தனை தடவை செத்திருக்கிறாள் என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அத்தனை சாவையும் வெட்டி ஒட்டியவன் நான். ஆனால் கணக்குக் கேட்காதீர்கள். எத்தனை படம் எடுத்தோம் என்பதே அத்தானுக்குத் தெரியாது. கேட்டால் எழுபதுக்கு மேல் என்பார். டிவியில் ஏதாவது பழைய படம் ஓடினால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்மதா?" என்று என்னிடம் கேட்பார். நம்மதுதான் என்றால், "பரவாயில்லையே" என்பார்.

அத்தான் டைரக்டர், அக்கா நடிகை, நான் எடிட்டர். குடும்பமே ஒரு தொழிலில் இருப்பது கொடுத்து வைத்தது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் உட்கார்ந்து படம் வெட்டிப் பார்த்தால் தெரியும், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என்னவென்று.

யூனிட்டில் அத்தானுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். எந்த ஸ்டேஷனிலும் நிற்கமாட்டார். காலையில் ஒரு படம், மதியம் இன்னொரு படம், இரண்டுக்கும் ஒரே செட். காலையில் நீதிபதி வீடாக இருப்பது மதியம் திரைச்சீலையை மாற்றினால் வில்லன் வீடு. ஒரு தடவை நீதிபதியின் போட்டோவைக் கழற்ற மறந்து, வில்லன் அதன் அடியிலேயே உட்கார்ந்து கள்ளக்கடத்தல் பேசினான். யாரும் கண்டுகொள்ளவில்லை, படம் நூறு நாள் ஓடியது. இரண்டாவது டேக் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. நடிகர் வசனத்தைத் தப்பாகச் சொன்னாலும், "ஜனங்களும் வீட்ல தப்பாத்தான் பேசுறாங்க, அடுத்த ஷாட்" என்பார்.

அக்கா அம்மா ஆனதும் இந்த அவசரத்தால்தான். அவருடைய இரண்டாவது படத்தில் அம்மாவாக நடிக்க வேண்டியவர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். செட்டைச் சாயங்காலம் வேறு கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அக்கா அப்போது புதுசாகக் கல்யாணமானவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு படத்தில் கதாநாயகிக்குத் தோழி, ஒரு படத்தில் கதாநாயகியே. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அத்தான் அவளை மேலும் கீழும் பார்த்தார். மேக்கப்மேனைக் கூப்பிட்டார். தலையில் நரை விக், முகத்தில் பென்சிலால் சுருக்கம், கட்டிலில் படு என்றார். மகனாக நடித்தவர் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் மடியில் தலை வைத்து அவள் செத்தாள். தியேட்டரில் ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அதன் பிறகு அவளைத் தோழிக்கும் கூப்பிடவில்லை, கதாநாயகிக்கும் கூப்பிடவில்லை. ஒரு தடவை நரைமுடி வைத்தவளுக்குக் கறுப்பு முடியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

அம்மா செத்தால் படம் ஓடும் என்பது அன்றிலிருந்து எங்கள் கம்பெனிச் சட்டம். விநியோகஸ்தர்கள் கதை கேட்கும்போதே, "அம்மா இடைவேளைக்கு முன்னாடியா பின்னாடியா?" என்பார்கள். முன்னால் செத்தால் மகன் பழிவாங்குவான், பின்னால் செத்தால் மகன் திருந்துவான். நெஞ்சுவலி, துப்பாக்கிக் குண்டு, ரயில், தீ, சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொல்லிவிட்டு அங்கேயே சரிந்தது என்று அக்கா பார்க்காத சாவு இல்லை. யூனிட் முழுக்க அவளை அம்மா என்றே கூப்பிட்டது. அத்தானும் செட்டில் அப்படித்தான் கூப்பிடுவார். போகப்போக அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "அம்மா, கண்ணாடிய எங்க வெச்சேன்?" என்று அவர் கேட்டால் வீட்டுக்கு வந்தவர்கள் முழிப்பார்கள்.

பிறகு ஜனங்கள் மாறினார்கள். அத்தானுக்கு ஆறு வருஷம் படம் இல்லை. எக்ஸ்பிரஸ் நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தோம். காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்காருவார். எங்கே போவது என்று தெரியாது. வீட்டு வேலைக்கு வருகிறவளைப் பார்த்து, "இந்தப் பக்கம் இருந்து வந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காதான் பாவம், அவளை அந்தப் பக்கமிருந்து வரச் சொன்னாள்.

அந்த நிலையில் ஒரு தயாரிப்பாளர் வந்தார். இளைஞர். அவருடைய அப்பா எங்கள் பழைய தயாரிப்பாளர். அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அழுது பார்த்தது அத்தான் படத்தில் அம்மா சாகும்போதுதான் என்றும், அந்த மாதிரி ஒன்று தானும் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அத்தானுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இது ஓடினால் இன்னும் ஒன்று கிடைக்கும், ஓடாவிட்டால் இத்தோடு சரி. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா நிதானமாக ஒன்று சொன்னாள்.

"நான் நடிக்கிறேன். ஆனா இந்தப் படத்துல சாக மாட்டேன்."

அத்தான் சாப்பாட்டை மென்று விழுங்கினார். ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"எல்லாப் படத்துலயும் கடைசி ஷாட்டுல குடும்பமே நின்னு சிரிக்கும். நான் பின்னால சுவத்துல போட்டோவா தொங்குவேன். ஒரு தடவையாவது நானும் நின்னு சிரிக்கணும்டா. அதுக்கப்புறம் நடிக்கலை, போதும்."

சரி என்று அத்தான் உடனே சொன்னார். அவர் எதற்கும் உடனே சரி சொல்கிறவர்தான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

படப்பிடிப்பு நடந்தது. கதையில் அம்மாவுக்குக் குண்டு படுகிறது. ஆஸ்பத்திரியில் கண் திறக்கிறாள். கடைசியில் குடும்பமே நின்று சிரிக்கிறது, அம்மா நடுவில். அந்தச் சிரிப்பு ஷாட்டுக்கு அக்கா ரொம்பச் சிரமப்பட்டாள். அழச் சொன்னால் அரை நொடியில் அழுகிறவளுக்குச் சிரிப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பேத்தியாக நடித்த பெண்ணைப் பார்த்துக் கடைசியில் எப்படியோ சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எடிட்டிங் தொடங்கிய பிறகு ஒரு காலை அத்தான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பழைய டிஸ்க்கை எடு என்றார்.

அந்த டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலிம் காலத்தில் அத்தான் ஒரு துண்டைக்கூட எறியவிடமாட்டார். மழை ஒரு டப்பா, இடி மின்னல் ஒரு டப்பா, கூட்டம் ஓடுவது, கண்ணாடி உடைவது, கார் உருளுவது என்று தனித்தனி டப்பா. ஒரு படத்துக்குப் பெய்த மழை ஐந்து படத்துக்குப் பெய்யும். அதில் 'அம்மா' என்று எழுதிய டப்பாக்களும் இருந்தன. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றி வைத்தேன்.

விஷயம் இதுதான். அம்மா சாகமாட்டாள் என்று தயாரிப்பாளரிடம் அத்தான் சொல்லவே இல்லை. அவரிடம் சாவு உண்டு என்றும் அக்காவிடம் இல்லை என்றும் சொல்லிவிட்டு, பழைய சாவிலிருந்து ஒன்றை எடுத்து இந்தப் படத்தில் ஒட்டப் பார்த்தார். ஒட்டும் என்பதுதான் கொடுமை. அன்றைக்குப் பென்சிலால் வரைந்த சுருக்கங்கள் இன்றைக்கு அதே இடத்தில் தாமாகவே வந்திருந்தன. ஆஸ்பத்திரித் தலையணையும் நரைமுடியும் குளோசப்பும் ஒன்றுதான். கலரைக் கொஞ்சம் சரிசெய்தால் அவள் முகம் அவளுக்கே பொருந்தும்.

நான் கத்தினேன். அவள் என் அக்கா என்றேன்.

"எனக்கும் அவ யாரோ இல்லடா," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "ஆறு வருஷம் நான் எப்படி இருந்தேன்னு நீ பாத்தல்ல? எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. இது போச்சுன்னா திரும்பவும் தொப்பிய வெச்சிக்கிட்டு கூடத்துல உக்காரணும்."

கை போன போக்கில் டிஸ்க்கை மாட்டினேன்.

ஒவ்வொரு சாவாகப் பார்க்க ஆரம்பித்தோம். இதில் விக் ரொம்பப் பழசு, இதில் ரத்தம் ஜாஸ்தி, இதில் மகன் கை குறுக்கே வருகிறது என்று அத்தான் தள்ளிக்கொண்டே வந்தார். அப்போது கதவு திறந்தது. கீழே டப்பிங் அறையில் பேசி முடித்துவிட்டு அக்கா மேலே வந்திருந்தாள். திரையில் அவள் செத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவள். அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டு, பார்ப்போம்" என்றாள். ஓட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இதில் மூச்சு விடுகிறேன், தொண்டையைப் பார் என்றாள். அடுத்ததில் இமை ஆடுகிறது என்றாள். ஒன்றைப் பார்த்து, இது பரவாயில்லை, இதை வைத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பதற்றத்தில் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் விட்டுவிட்டேன்.

கட் சொன்ன பிறகும் கேமரா ஒன்றிரண்டு நொடி ஓடும். அந்த வாலைத்தான் நாங்கள் முதலில் நறுக்குவோம். எடிட்டர் கண் அதற்கு முன்பே நின்றுவிடும். அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தேன். செத்துக் கிடந்த அக்கா கண்ணைத் திறந்தாள். கேமராவுக்கு இடது பக்கம் பார்த்தாள். ஒரு இடுப்பும் பெல்ட்டும் ஃபிரேமின் குறுக்கே போயின; அத்தான்தான், அடுத்த ஷாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் போகிற பக்கம் அவள் கண் போயிற்று. பிறகு புறங்கையால் நெற்றிப் பவுடரைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அத்தோடு துண்டு முடிந்தது.

நான் அடுத்த துண்டின் வாலுக்குப் போனேன். வேறு விக், வேறு கட்டில். கண்ணைத் திறந்தாள், இடது பக்கம் பார்த்தாள், அவர் குறுக்கே போனார். அடுத்ததிலும் அதேதான். தீயில் வெந்தவளும் ரயிலில் அடிபட்டவளும் கண்ணைத் திறந்து அதே பக்கம் பார்த்தார்கள்.

அத்தான் தொப்பியைக் கழற்றினார். "எதுக்கு அப்படிப் பாக்கறே?" என்று கேட்டார். "ஷாட் ஓகேவான்னா?"

"நீங்க ஓகே சொல்லிட்டுத்தானே போறீங்க. அதுக்கு எதுக்குப் பாக்கணும்?" அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் செத்தா நீங்க அழறீங்களான்னு பாத்தேன். ஊரே அழுதுச்சே. உங்களுக்கு ஒரு சொட்டாவது வருதான்னு."

"வெளிச்சம் போயிடுமேன்னு..." என்று இழுத்தார் அத்தான்.

"தெரியுங்க. அதான் நானும் எழுந்து அடுத்த டிரெஸ் மாத்தப் போயிடுவேன்."

எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றாள். அதை அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் அத்தான் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அந்தக் கண் திறக்கிற இடத்தை மறுபடி போடச் சொன்னார் அத்தான். போட்டேன்.

"இதுக்கு ரியாக்‌ஷன் எங்க?"

சினிமாவில் ஒருத்தர் எதையாவது பார்த்தால், எதிரில் இருப்பவர் முகத்தை அடுத்து காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பார்வை அந்தரத்தில் நிற்கும். அதைத்தான் கேட்டார். பழக்க தோஷம்.

"இல்ல அத்தான். எடுக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். தயாரிப்பாளருக்கு போன் போட்டு, படத்தில் அம்மா சாகமாட்டாள் என்று சொன்னார். அந்தப் பக்கம் நீளமாக என்னவோ பேசினார்கள். அத்தான் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "சரி தம்பி, இதுவே கடைசின்னா இதுவே கடைசி. அம்மா சாக மாட்டாங்க" என்று வைத்துவிட்டார். படம் ஓடியதா என்று கேட்பீர்கள். ஓடவில்லை. கைக்குட்டையோடு வந்தவர்கள் கட்டிலிலிருந்து அம்மா எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

அந்த போன் பேசிய மறுநாள் ஆஸ்பத்திரி செட்டைப் பிரிக்க இருந்தார்கள். அதற்கு முன் ஒரு ஷாட் பாக்கி என்று சொல்லி, கேமராமேனையும் இரண்டு லைட்மேன்களையும் என்னையும் அத்தான் காலையில் வரச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. நான் அக்காவிடம் போன் செய்து, இந்த மாதிரி வரச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கட்டில் காலியாக இருந்தது. கேமராவைத் தலையணைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கேமராவுக்கு எதிரே தானே போய் நின்றார். கட் நீ சொல்லு என்றார் என்னிடம். எழுபது படத்தில் ஒரு கூட்டத்தில்கூடத் தலையைக் காட்டாத மனுஷர்.

கேமரா ஓடியது. அவர் தலையணையைப் பார்த்தபடி நின்றார். எத்தனை பேரை மரக்கட்டை என்று திட்டியிருப்பார். அவர்கள் எல்லோரும் தேவலை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார். ஒன்றும் வரவில்லை. கேமராமேன் என்னைப் பார்த்தான். ஒரு லைட்மேன் நல்ல எண்ணத்தில் கிளிசரின் பாட்டிலை நீட்டினார். அத்தான் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வரலடா," என்றார் என்னிடம். "எனக்கு வரல."

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். வீட்டில் கட்டியிருந்த சேலை, விக் இல்லை, சொந்த நரை. கட்டிலையும் கேமராவையும் அவரையும் பார்த்தாள். கைப்பையை ஸ்டூலில் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், கட்டிலில் ஏறிப் படுத்தாள். கேமரா அத்தானைப் பார்த்திருந்தது. அவள் ஃபிரேமிலேயே இல்லை. எதிரில் நடிக்கிறவருக்காக இப்படிச் செய்கிற நடிகர்கள் உண்டு. பெரிய நடிகர்கள் செய்யமாட்டார்கள், வேறு ஆளை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் கண்ணை மூடினாள். பிறகு செத்தாள்.

அவளுடைய எல்லாச் சாவையும் பார்த்தவன் நான். இது அதில் எதுவும் இல்லை. கடைசி வார்த்தை இல்லை, கை சரியவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அடுத்தது வரும் என்று நாம் காத்திருக்கும்போது வரவில்லை. தொண்டை ஆடவில்லை, இமை ஆடவில்லை.

அத்தான் முதலில் டைரக்டராகத்தான் பார்த்தார், தலையைச் சாய்த்து. பிறகு அவர் வாய் கோணியது. அவளைக் கூப்பிட்டார். அம்மா என்று இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அவர் வாயில் நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தொழிலில் அவள் கறார். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரல் உடைந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிழவர் அழக்கூடாதபடி, மூக்கு ஒழுக, சத்தமாக அழுதார். இதையே ஒரு படத்தில் வைத்திருந்தால் ஜாஸ்தி என்று நானே நறுக்கியிருப்பேன்.

கட் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு வாய் வரவில்லை.

அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவசரப்படாமல், வேண்டிய மட்டும் பார்த்தாள். பிறகு அவளே "கட்" என்றாள். எழுந்து உட்கார்ந்து, முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போதும், மூக்கச் சிந்துங்க. அடுத்து என்ன ஷாட்?"

அத்தான் சுற்றிலும் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்ல," என்றார். "அடுத்து ஒண்ணும் இல்ல."